மல்லி மேல் கார் ஓட்டிய எஸ்தர் டீச்சர்

தேவசகாயம் அண்ணாச்சி என்னை ஃபோனில் அழைக்கிறவர் இல்லை. அவர் மனைவி எஸ்தர்தான் அழைப்பாள். அவர் பின்னாலிருந்து "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், திருநெல்வேலியில் மிக்ஸி பழுதுபார்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஃபோனை எடுத்தால் அவர் குரல்.

"கோமதி டீச்சர், எஸ்தர் போயிட்டா" என்றார்.

"காலங்காத்தால எங்க அண்ணாச்சி போனா?" என்று கேட்டுவிட்டேன்.

எஸ்தரைத் தெரிந்த யாரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நினைத்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவள் அவள். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. காபி குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். அறுபத்தாறு வயது. மிக்ஸியைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நாள் கழித்து என் மகன் போய் அதை வாங்கி வந்தான்.

இந்த நினைவு மலரை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் முத்தலாங்குளம் உயர்நிலைப் பள்ளியில் அவளிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் அவளோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அதனால் எஸ்தர் பொறுமையின் வடிவம், சாந்த சொரூபி என்றெல்லாம் நான் எழுதினால் சிரிப்பீர்கள். அவள் கோபக்காரி. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ரப்பரைத் தேடுகிற பிள்ளையைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "அழிக்காத. ஒரு கோடு போட்டு அடி. எங்க தடம் மாறினோம்னு நாளைக்குத் தெரிய வேண்டாமா?" என்பாள். அவளிடம் படித்தவர்களின் நோட்டுகளில் கோடுகள்தான் அதிகம் இருக்கும்.

நான் அதே பள்ளியில் தமிழ் நடத்தினேன். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது கோவில்பட்டியில் எங்கள் வீடுகளும் எதிரெதிரே. பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் "டீச்சர்" என்போம். வாசலைத் தாண்டிவிட்டால் "ஏட்டி"தான். அவளைப் பற்றி நான் எழுத எத்தனையோ இருக்கிறது. ஆனாலும் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் தொடங்கி அடுத்த முழுப்பரீட்சை லீவு வரைக்கும் நடந்ததை மட்டும் சொல்கிறேன். எஸ்தர் யார் என்று எனக்குத் தெரிந்தது அந்த நாலு மாதத்தில்தான்.

அப்போது எங்களுக்கு நாற்பது வயது. ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறி, முத்தலாங்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடப்போம். அந்த நடைக்குப் பயந்துதான் எஸ்தர் கார் வாங்கினாள் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். அது சுத்தப் பொய். அவளுக்கு நடப்பது பிடிக்கும். கார் வாங்கப் போகிறேன் என்று அவள் புருஷனிடம் சொன்ன அன்று நான் அவர்கள் வீட்டில் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"காலு வலிக்குதா?" என்று கேட்டார் அண்ணாச்சி. அவர் நூல் மில்லில் சூப்பர்வைசர்.

"இல்ல."

"பஸ்ல எவனும் இடிக்கானா?"

"இடிச்சா நான் சும்மா விடுவனா?"

"பின்ன எதுக்கு காரு?"

"ஓட்டணும்னு ஆசையா இருக்கு."

"அதான் எதுக்குன்னு கேக்கேன்."

"அதான் சொல்லிட்டேனே!"

மறுநாள் பஸ்ஸில் நானும் அவரைப் போலவே கேட்டேன். இவ்வளவு செலவு செய்கிறாய், ஒரு காரணம் சொன்னால் என்ன என்றேன். எஸ்தர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆசைக்கு எதுக்குட்டி காரணம்? காரணம் இருந்தா அது ஆசையில்ல, ஜோலி."

தன் சேமிப்பில் வாங்கினாள். கயத்தாற்றில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வெள்ளைக் கார். கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே நீட்டிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டாக்டரின் டிரைவர் அதை ஓட்டிவந்து அவள் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, காபி குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். பாஸ்டர் ஐயா வந்து காரின் மேல் கைவைத்து ஜெபம் செய்தார். அவர் போனதும் நான் நாலு எலுமிச்சம்பழத்தோடு போனேன். கோமதி என்று பெயர் வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் வைக்காமல் இருக்க என்னால் முடியாது.

"அதான் ஜெபம் பண்ணியாச்சே" என்றாள் எஸ்தர். பிறகு யோசித்துவிட்டு, "சரி, வை. எந்தச் சாமியையும் பகைச்சுக்க வேண்டாம்" என்றாள்.

நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தேன். தெருவே கூடி நின்றது. இனி வண்டி நகர்ந்து பழம் நசுங்க வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தள்ளலாம் என்றால் அண்ணாச்சி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு நாள் அந்தப் பழங்கள் சக்கரத்தடியில் வெயிலில் கிடந்தன. ஐந்தாம் நாள் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் வந்து அவை நசுங்கியபோது ஏறக்குறைய வற்றலாகிவிட்டன.

அந்த நாலு நாளில்தான் அண்ணாச்சி கெடு வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மில்லில் அதற்குள் கேலி தொடங்கிவிட்டது. பொண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்கு வரப்போகிறாராமே என்று கூடப் பணிபுரிகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "முழுப்பரீட்சை லீவு விடுததுக்குள்ள லைசென்ஸ் வாங்கிரட்டும். வாங்கலன்னா வண்டிய வித்துரணும். பொறவு இந்த வீட்ல காருன்னு பேச்சு எடுக்கப்படாது."

"சரி" என்றாள் எஸ்தர். "கோமு, நீதான் சாட்சி."

அவள் சொன்ன சொல் தவறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். லீவு தொடங்கும் நாளில் கையில் லைசென்ஸ் இல்லையென்றால் அவளே சாவியை எடுத்து நீட்டிவிடுவாள்.

தீப்பெட்டி லோடு ஏற்றி வடக்கே கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்டி, ஓய்வில் இருந்த மாடசாமி அண்ணாச்சி கற்றுக்கொடுக்க ஒத்துக்கொண்டார். மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சனிக்கிழமைகளில் வட்டம் போட்டோம். எஸ்தர் எனக்கும் சேர்த்து எல் போர்டு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். நான் முன்னோக்கி நன்றாகவே ஓட்டினேன். எதிரே ஏதாவது வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்றாம் வாரம் ஓர் ஆடு வந்தது. "தமிழ் டீச்சர் மனப்பாடமா ஓட்டுதாவ" என்றார் மாடசாமி அண்ணாச்சி, பிரேக்கைக் கையால் அமுக்கக் குனிந்தபடியே. அன்றோடு நான் விட்டுவிட்டேன். மாமியாருக்கு முடியவில்லை, பேப்பர் திருத்த வேண்டும், இடுப்பு வலி என்று எஸ்தரிடம் வரிசையாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெறய காரணம் வச்சிருக்க" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது எனக்கு.

மாடசாமி அண்ணாச்சியிடம் ஒரே ஒரு குறை. ரிவர்ஸ் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

"நாப்பது வருஷமா நான் பின்னால திரும்பிப் பாத்ததே இல்ல தாயி" என்றார். "கிளீனர் வா வாம்பான், வருவேன். போதும்பான், நிப்பேன். மத்தது அவன் பாடு."

ஆக, எஸ்தருக்குப் பின்னால் போக வராது. ஒவ்வொரு தடவையும் முற்றத்திலிருந்து வண்டியைத் தெருவுக்கு எடுக்க நாங்கள் நாலு பேர் தள்ள வேண்டும். திருப்ப முடியாத தெருவுக்குள் நுழையவே மாட்டாள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு முத்தலாங்குளம் போனால், பஸ் திரும்புகிற வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே வேகத்தில் திரும்பிவிடுவோம். மாடசாமி அண்ணாச்சி பின் சீட்டில் தூங்குவார்.

தை பிறந்தது. கரிசல் காட்டில் அறுவடை. உங்களுக்குத் தெரியாததல்ல, நம் பக்கத்தில் பாதிக் களம் தார் ரோடுதான். கொத்தமல்லிச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி இறங்கி மணியை உதிர்த்துக் கொடுக்கும். முத்தலாங்குளம் ரோட்டிலோ பஸ் இரண்டு தடவைதான் வரும். அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை எங்கள் கார் வந்ததும், வெங்கடம்மா என்கிற, வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டு அம்மாள் துடைப்பத்தோடு நடு ரோட்டில் வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ரோட்டில் அதட்டுவது தமிழில்.

"டீச்சரம்மா, முன்ன மட்டும் போயிட்டா காணுமா? பின்ன வாங்க. நாலு தடவ முன்னயும் பின்னயும் போனாத்தான் மல்லி உதிரும்."

"பின்னால போக வராது பாட்டியம்மா" என்றாள் எஸ்தர்.

"காருக்கு வராதா, உமக்கு வராதா?"

"எனக்குத்தான்."

வெங்கடம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வண்டிமாடு ரெண்டும் பின்னால போவுமே" என்றார்.

எஸ்தர் முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி கோமு, எறங்கு. நீதான் கிளீனர்" என்றாள். இறங்கினேன். எம்.ஏ. படித்த நான் ரோட்டில் பின்னோக்கி நடந்தபடி "வா, வா, போதும்" என்று கத்தத் தொடங்கினேன். முதல் நாள் கார் மல்லியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஏறியது. ஒரு தடவை ஓடைக்குள் இறங்கப் பார்த்தது. மாடசாமி அண்ணாச்சி விழித்துக்கொண்டு கர்த்தரையும் சுடலைமாடனையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனோம். அதற்கடுத்தும் போனோம். பரப்பிய மல்லியின் ஓரம் நூல் பிடித்தது போல நேராக இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே எஸ்தர் பின்னால் போகக் கற்றாள். சக்கரம் ஓரத்தை விட்டு விலகினால் வெங்கடம்மா துடைப்பத்தால் டிக்கியில் ஒரு தட்டுத் தட்டுவார். காய்ந்த மல்லித் தண்டு சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். புகை வருவதற்குள் குனிந்து அதை உருவுவதும் கிளீனரான என் வேலை. மாசி நடுவில் மல்லி முடிந்து உளுந்து வந்தபோது, எஸ்தர் கழுத்தைத் திருப்பி, ஒரு கையைச் சீட்டின் மேல் போட்டு, அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே வருவாள். முன்னால் ஓட்டுவதைவிட அது அழகாக இருக்கும். அந்த வருஷம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லார் வீட்டு ரசமும் வெங்கடம்மா கொடுத்த மல்லியில்தான் மணத்தது.

மாசிக் கடைசியில் டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை. மடியில் ஃபைலோடு எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்து ரோட்டில் நேராகப் போகச் சொன்னார். எஸ்தர் தப்பே செய்யவில்லை. கியர் வெண்ணெயாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

அங்கே ரோட்டில் உளுந்து பரப்பியிருந்தது. ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

எஸ்தர் உளுந்தின் மேல் ஏறினாள். கடந்ததும் நிறுத்தினாள். சீட்டின் மேல் கையைப் போட்டு, கழுத்தைத் திருப்பி, பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் போனாள். மறுபடி பின்னால். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நான் அவளைத் தடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "வா, வா, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை இன்ஸ்பெக்டர் கேட்டார்: "என்னம்மா செய்யுறீங்க?"

"இன்னும் ரெண்டு தடவ போனா உதிர்ந்துரும் சார்" என்றாள் எஸ்தர், பின் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே.

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. வண்டிக்குள் உளுந்தந்தூசி பறந்தது. இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தட்டிவிட்டு, பேனாவை மூடினார். "களத்துல ஓட்டுறதுக்கு நான் லைசென்ஸ் குடுக்க முடியாது. ஊருக்குள்ள ஓட்டிப் பழகிட்டு வாங்க" என்றார். பெரியவருக்கு மட்டும் நல்ல லாபம்.

வீடு வரும்வரை இருவரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மாடசாமி அண்ணாச்சியிடம் சொன்னதும் அவரும் சிரித்தார். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகு எஸ்தர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏட்டி, வித்துருவாகளோ?" என்றாள்.

பிறகு அழுதாள். அவள் அம்மா இறந்தபோதுகூட ஜனங்களைக் கவனிக்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தவள், ஒரு பழைய காருக்காக அழுதாள். அவளுடைய ஆசை எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் சேர்ந்து அழுதேன். பரீட்சை வேலையும் மாவட்ட அலுவலகத்து விசேஷ வேலைகளும் போக, அடுத்த தேதி சித்திரையில்தான் கிடைத்தது. லீவு விடுவதற்கு மூன்று நாள் முன்னால். அதில் தவறினால் வண்டி போய்விடும்.

அண்ணாச்சி அதற்குள் ஒரு புரோக்கரை வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் இருவரும் வந்தால், ஒருவர் காரின் பானட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். எஸ்தர் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். "லீவு விட்ட பொறவு வாங்க. அன்னைக்கு ஒங்களை நானே ஏத்திக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிடுதேன்" என்றாள். புரோக்கருக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார்.

அதன் பிறகு நாங்கள் கோவில்பட்டி ஊருக்குள் இறங்கினோம். ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் மாட்டு வண்டியும் ஒரே நேரத்தில் வரும் பஜார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "டீச்சர் டீச்சர்" என்று பின்னால் ஓடிவருவார்கள். ஒரு கடைக்காரர் எங்களைக் கண்டாலே வாசலில் வைத்த பக்கெட், துடைப்பமெல்லாம் உள்ளே எடுத்து வைப்பார். எஸ்தர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, அந்தப் பச்சை பக்கெட் என்ன வெல?" என்று கேட்டு, வாங்கியும் விட்டாள். மறுநாளிலிருந்து அவர் எதையும் உள்ளே எடுக்கவில்லை.

சித்திரை வெயிலில் இரண்டாவது டெஸ்ட். அதே இன்ஸ்பெக்டர். எங்களைப் பார்த்ததும் அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தடவை ஊருக்குள்ளேயே விடச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸ்கள் இருக்கிற ஒரு தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சுவர். பாதித் தெருவில் எதிரே ஒரு லாரி வந்துவிட்டது. உச்சிவரை தீப்பெட்டிப் பண்டல். அதற்குப் பின்னால் இன்னொரு லாரி. அவர்கள் பின்னால் போக வழியே இல்லை.

லாரி டிரைவர் ஸ்டியரிங்கில் எஸ்தரைக் கண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். இடது பக்கம் வந்து இன்ஸ்பெக்டரிடம், "சார், நீங்க எடுத்துப் பின்னால விடுங்க. இந்தம்மா எறங்கி நிக்கட்டும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எஸ்தரைப் பார்த்தார். இந்தத் தடவை நான் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் சீட்டின் மேல் கையைப் போட்டாள். கழுத்தைத் திருப்பினாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை; என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். வண்டி கிளம்பியது. ஒரு சைக்கிள், ஒரு தண்ணீர்க்குழாய், வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள், எல்லாம் இரண்டு பக்கமும் நகர்ந்தன. சுவரிலிருந்து ஒரே இடைவெளி. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. தெரு முனையில் வந்து ஒடித்து, ஓரம் கட்டி, கையை வெளியே நீட்டி லாரிக்கு வழி காட்டினாள். லாரி டிரைவர் எங்களைக் கடக்கும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பெட்டி ஒட்டிய பெண்களில் ஒருத்தி விசில் அடித்தாள் என்று எஸ்தர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "முன்னால ஓட்டுறதையும் இதே மாதிரி ஓட்டுங்கம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி மில்லிலிருந்து வந்தார். கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. முகம் மட்டும் வேப்பங்காயாக இருந்தது. பொட்டலத்தை மேஜையில் வைத்து, "சரி, ஜெயிச்சிட்ட" என்றார். லீவு விட்டதும் புரோக்கர் வந்தார். எஸ்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவரை முன் சீட்டில் உட்கார வைத்துப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டாள்.

அண்ணாச்சி முதல் இரண்டு மாதம் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். டிரைவர் வைத்துக்கொண்ட முதலாளி மாதிரி இருக்குமாம், மில்லில் கௌரவம். பிறகு ஒருநாள் பார்த்தால் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்டதற்கு, "பின்னால இருந்தா அவ பேசுதது கேக்க மாட்டேங்கு டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு அவர் பின்னால் போகவேயில்லை. குற்றாலம், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி, ஒரு தடவை மைசூர். எஸ்தர் ஓட்டுவாள், அவர் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுப்பார். அந்தக் காரை விற்று வேறு வாங்கி, அதையும் விற்று வேறு வாங்கினார்கள். அண்ணாச்சி இன்றுவரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தபோது, யாரோ அண்ணாச்சிக்காக ஒரு காரின் பின் கதவைத் திறந்து பிடித்தார்கள். அவர் அதில் ஏறாமல் என் பக்கம் வந்தார். நடந்தே போகலாம் என்றார். சிறிது தூரம் நடந்தோம்.

"அன்னைக்கு ரெண்டாவது டெஸ்டுல அவ தோத்துரணும்னு நான் ஜெபம் பண்ணினேன் டீச்சர்" என்றார். "முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன். அவகிட்ட நான் சொன்னதே இல்ல."

நான் நடையைக் குறைத்தேன்.

"கர்த்தர் கேக்கல" என்றார். அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் தோத்ததாலதான் இத்தன ஊரு பாத்தேன். வாழ்க்கையில நான் உருப்படியாச் செஞ்சது அந்த ஒரு தோல்விதான்."

அவர் வீட்டில் எஸ்தரின் பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் எதையும் எடுக்கவில்லை. ஆனால் அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் எனக்கு ஒட்டாத ஒன்று அது. எதற்கும் காரணம் கேட்டே வளர்ந்தவள் நான். காரணம் சொல்லியே ஒதுங்கியவளும் நான்தான். ஆடு வந்த அந்த நாளில், எனக்கும் ஓட்ட ஆசை இருந்தது எஸ்தர். மாமியார், இடுப்பு வலி என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

போன வாரம் என் மருமகள் சமையலறையில் வந்து நின்றாள். அவளுக்கு நாற்பத்தொன்று. ஆபீஸ், இரண்டு பிள்ளைகள், தலைக்கு மேல் வேலை.

"அத்தை, எனக்கு நீச்சல் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள்.

இந்த வயதில் எதற்கு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"என்னைக்குச் சேரப்போற?" என்று கேட்டேன்.